எங்கள் வீட்டு ஹோலில் ஒரு ஜனாதிபதி

செய்தி வந்தபோது நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என் பொறுப்பு. என் மனைவி புவனேஸ்வரி, உங்களுக்கெல்லாம் புவனா ரீச்சர், சாப்பாட்டு மேசையில் இருந்தபடி போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நெஞ்சில் வைத்து, "இஞ்சாருங்கோ, அவர் மோசம் போயிட்டாராம்" என்றாள். எவர் என்று நான் கேட்கவில்லை. ஊருலகத்தில் ஒரு மனுசி "அவர்" என்றால் அது அவளுடைய புருஷனாக இருக்கும். எங்கள் வீட்டில் அது ஆபிரிக்க நாடொன்றின் முதலாவது ஜனாதிபதி. நான் "எங்கட ஆள்" மட்டும்தான்.

அழுதாள். சத்தம் போட்டு அல்ல. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, கிச்சின் பேப்பரைக் கிழித்துக் கிழித்து அழுதாள். நண்பர்களே, எனக்கு நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்த அன்று இதே புவனா ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து சுடோகு போட்டவள். பிறகு கேட்டதற்கு, "டொக்டர் சுகம் வரும் எண்டு சொல்லிப்போட்டார், பிறகேன் அழுவான்?" என்றாள். தொண்ணூறைத் தாண்டி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்க, நித்திரையில் போன ஒரு மனிதருக்கு அழுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புட்டை அவித்துத் தனியே இருந்து சாப்பிட்டேன்.

அந்த நாட்டில் படிப்பித்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஆசிரியர் நாங்கள், முப்பத்தோராம் நாள் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுவதென்று தீர்மானித்தோம். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர். அவருக்கு அந்தியேட்டிக் கிரியையும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. என்ன செய்வது, எங்களுக்குத் தெரிந்த துக்கம் இதுதான்: முகப்பில் படம், உள்ளே தேவாரம், நடுவில் வாழ்க்கைச் சரிதம், கடைசியில் நன்றி நவிலல். சரிதத்தை எழுதச் சொல்லி முதலில் புவனாவிடம்தான் கேட்டீர்கள். "எங்கட ஆள் எழுதட்டும், அந்தாளுக்குத்தான் கனக்கச் சொல்ல இருக்கு" என்று என்னைக் காட்டிவிட்டாள். ஆகவே இது பொறாமை பிடித்த ஒருவன் எழுதும் அஞ்சலி. பிடிக்காதவர்கள் நேரே தேவாரப் பக்கத்துக்குப் போகலாம்.

பொறாமைக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் கனடாவுக்குப் புறப்படும் நேரத்தில் அவர் புவனாவை அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டார். பெரிய பதவி ஒன்றைக் கொடுத்துக் கேட்டார். அவள் இருக்கவில்லை, என்னோடு வந்தாள். மனம் விரும்பி வந்தாளா, கழுத்தில் நான் கட்டிய தாலி கிடந்தபடியால் வந்தாளா? இந்த ஒரு கேள்வியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் கிழவனாகிவிட்டேன். கேட்கத் துணிவு வந்தது இந்த மாதம்தான்.

இனி அவருடைய வாழ்க்கை. அவர் ஓர் உபதேசியாரின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரு கிராமத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வெள்ளைக்காரன் போட்ட வரியை எதிர்த்துப் பேசி மறியலுக்குப் போனார். அந்தச் சிறை அறையின் சீமெந்து நிலத்தில் கரித்துண்டால் முக்கோணிகள் கீறிக்கொண்டிருந்தாராம். தப்பி ஓடுவதற்குப் படம் போடுகிறார் என்று நினைத்துக் காவலாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினானாம். சுதந்திரம் வந்தபோது, தலையில் ஒரு நரை இல்லாத வயதில், ஜனாதிபதி ஆனார். பட்டதாரிகளை விரல் விட்டு எண்ணக்கூடிய நாடு அது. "ஒரு நாட்டைத் தொடங்குவது புதுப் பள்ளிக்கூடம் தொடங்குவது போல. முதல் நாளே பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள், வெண்கட்டிதான் இருக்காது" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த வெண்கட்டிக்காகத்தான் இலங்கையிலிருந்து எங்களைக் கூப்பிட்டார். இதையெல்லாம் நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். புவனாவுக்கு அவரே தன் வாயால் சொன்னவர். இந்த வித்தியாசத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

எங்களுக்குக் கலியாணமாகி அடுத்த வருடம், தலைநகரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. புவனா கணிதம், நான் பூமிசாத்திரம். ஜனாதிபதியின் மூத்த மகள் புவனாவின் வகுப்பு. பெற்றோர் தினத்துக்கு அவர் மெய்க்காவலரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, பிள்ளைகளின் வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தார். புவனா கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றை நிறுவிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையை உயர்த்தினார். "ரீச்சர், இதை இன்னும் சுருக்கமாக நிறுவலாம்" என்று எழுந்து போய், வெண்கட்டியை எடுத்து மளமளவென்று எழுதினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டினேன். புவனா தட்டவில்லை. "நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள், ஐயா. என் வகுப்பில் இதற்குப் புள்ளி குறைப்பேன்" என்றாள்.

அடுத்த பிளேனில் இலங்கைக்கு, கட்டுநாயக்கதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவர் கரும்பலகையைப் பார்த்தார், புவனாவைப் பார்த்தார், பிறகு அந்தக் கட்டடம் அதிரச் சிரித்தார். தாண்டிய படியை எழுதிவிட்டு, "மிஸிஸ் சபாநாதன்" என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு அந்தப் பெயரை அவர் மறக்கவேயில்லை. வெளியே போகிற வழியில் எனக்கும் கை தந்தார். "நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். பூமிசாத்திரம் என்றேன். "நல்லது, அப்படியானால் எங்கள் எல்லைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். கூட வந்த மந்திரிமார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடமும் வந்தார். "மிஸிஸ் சபாநாதன், போன முறை நீங்கள் தந்த கணக்குக்கு மந்திரிசபைக் கூட்டத்தில் இருந்துதான் விடை கண்டேன்" என்றார். பிறகு என்னிடம் வந்தார். "நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள், ஐயா?" பூமிசாத்திரம். "நல்லது, அப்படியானால் எங்கள் எல்லைகளை…" அதே மந்திரிமார், அதே சிரிப்பு. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். ஒரே ஒரு வருடம் தவிர, அங்கே இருந்த காலம் முழுக்க அதே கேள்வி, அதே பகிடி. ஊர்த் தலைவர்மாரின் மாடுகளுக்கு என்ன பெயர் என்றுகூட அவருக்குத் தெரியும் என்று சனம் சொல்லும். என் பாடம் மட்டும் அந்தத் தலையில் நிற்கவில்லை. ஒருமுறை "இரசாயனம்" என்று சொல்லிப் பார்ப்போமா என்று வாய்வரை வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

அவருடைய படம் கடை, காரியாலயம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் தொங்கவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வீட்டில் தொங்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. எங்கள் வீட்டில் தொங்கியது. கனடாவுக்கு வரும்போது சூட்கேஸ் நிறை கூடிவிட்டதென்று, கண்ணாடி போட்ட என் பட்டமளிப்புப் படத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவரைத் தன் கூறைச் சேலைக்குள் சுற்றி உள்ளே வைத்தாள். கூறைச் சேலைக்குள்! நீங்களே சொல்லுங்கள். இப்போது மார்க்கம் வீட்டு ஹோலில் ரிவிக்கு மேலே அவர் இருக்கிறார். எங்கள் கலியாணப் படம் மாடிப்படி திரும்பும் இடத்தில், ஹீற்றர் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மகன் சின்ன வயதில் அவரைத் தன்னுடைய அம்மப்பா என்றே நம்பியிருந்தான். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறச் சொன்னபோது நடுவில் அவரைக் கீறினான். என்னை ஓரத்தில் கீறியிருந்தான்.

நல்லதை மட்டும் எழுதினால் புவனா இதைக் கிழித்துப் போடுவாள். ஆகவே மற்றதையும் எழுதுகிறேன். பருத்தி விலை விழுந்தது, கையில் காசு இல்லை, சனம் முணுமுணுத்தது. இனி ஒரே கட்சிதான் என்றார் அவர். எதிர்த்துப் பேசியவர்களை மறியலில் போட்டார். அந்த நாட்டுக்காரரும் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல சிநேகிதருமான எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியரைப் பொலிஸ்காரர் வகுப்பின் நடுவே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வருடப் பெற்றோர் தினத்தில் ஜனாதிபதி வழமைபோல வெண்கட்டிக்குக் கையை நீட்டினார். புவனா கொடுக்கவில்லை. "சரித்திர ஆசிரியர் எங்கே, ஐயா?" என்று கேட்டாள்.

"இந்தக் கணக்கு உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, மிஸிஸ் சபாநாதன்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

"விடை தெரியாத பிள்ளைகள்தான் அப்படிச் சொல்வார்கள்" என்றாள் இவள்.

அவர் போய்விட்டார். அந்த ஒரு வருடம்தான் என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புவனா அவருடைய படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். "என்னப்பா, உமக்கு விசரே? ஆரும் கண்டால் இரண்டு பேரையும் உள்ளுக்குப் போடுவாங்கள்" என்றேன். "போடட்டும். சரித்திரத்துக்குத் துணையா இருக்கலாம்" என்றாள். நான் மேலே ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு மறைத்தேன். சிநேகிதருக்காக எனக்கு மெய்யாகவே கவலைதான், நான் ஒன்றும் கல்லல்ல. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதங்களைப்போல நிம்மதியாக நான் அந்த வீட்டில் சோறு தின்றதில்லை. சுவர் அவ்வளவு வடிவாக இருந்தது. கடைசியில் சிநேகிதரை விட்டார்கள். ஆள் வற்றிப்போய், ஆசிரியர் அறைக்குள் வந்து தேத்தண்ணி கேட்டார். அன்று பின்னேரமே புவனா படத்தைத் திருப்பினாள். "பிழையைத் திருத்தினால் புள்ளி குடுக்கத்தானே வேணும்" என்றாள். கலண்டரைக் கழற்றியது நான்தான்.

பிறகு மாவுக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை என்று நாடு நொந்துபோனது. எங்கள் ஊரில் சண்டை தொடங்கிவிட்டது, அங்கேயும் திரும்ப முடியாது. நான் கனடாவுக்கு விண்ணப்பித்தேன். விசா வந்த கிழமை ஜனாதிபதி மாளிகையிலிருந்து புவனாவைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூடப் போய், மயில்கள் திரியும் முற்றத்தில் வெயிலில் நின்றேன். கணித ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி கட்டுகிறோம், அதற்கு அவதான் அதிபர் என்று அவருடைய செயலாளர் என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். கனநேரத்துக்குப் பிறகு புவனா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "போவம்" என்றாள். காரில் ஏறிய பிறகும் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம்.

புவனாவின் பட்டத்தை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. பேக்கரி ஒன்றில் பெல்ற்றுக்கு முன்னால் நின்று பணிஸ் அடுக்கினாள். கல்லூரி அதிபராக இருந்திருக்க வேண்டியவள் பஸ்ஸால் இறங்கி, பனிக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வருவதை நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். உள்ளே திரும்பினால் சுவரில் அவர். அறுவான்! "நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும். அப்போது நான் ஒரு கார்ப் பார்க்குக்குச் செக்கியூரிட்டி. பிற்காலத்தில் அவள் திரும்பப் படித்து, வங்கி ஒன்றில் நல்ல வேலைக்குப் போய், வீடு வாங்கி, எல்லாம் வந்தது. என் கார்ப் பார்க் வேலையை அவள் ஒருநாளும் குறைவாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

மற்றக் கட்சிகளுக்கும் இடம் விட்டு அவர் தேர்தல் வைத்ததையும், அதில் தோற்றதையும் டோர்செட் பார்க் ரிவியில்தான் பார்த்தோம். தோற்ற தலைவர்கள் பலர் செய்வதுபோல அவர் படையைக் கூப்பிடவில்லை. "விடை பிழையென்றால் அழித்துவிட்டு வாங்கில் போய் இருக்கவேண்டும். கரும்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது" என்றார். மாளிகையை விட்டுத் தானே காரோட்டிப் புறப்பட்டார். ஆண்டுக்கணக்காக ஸ்ரியறிங் பிடிக்காத மனிதர், கேற்றடியில் கார் நின்றுவிட்டது. அவரைத் தோற்கடித்த கட்சிக்காரர்களே ஓடிவந்து தள்ளினார்கள். புவனா சிரித்துச் சிரித்து அழுதாள். கொடுத்துவைத்த மனிதன், தோற்றாலும் தள்ளிவிட ஆள் இருக்கிறது. எனக்கு வேலை போன அன்று பனியில் புதைந்த என் காரைத் தள்ள ஒரு குருவி வரவில்லை. அவர் தன் கிராமத்துக்குப் போய், அங்கேயுள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே கிழவரானார்.

இனி இந்த மாதக் கூத்து. மலருக்கு முன்னதாகப் பத்திரிகையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டோமல்லவா? இங்கே மரண அறிவித்தலுக்கு ஓர் அச்சு இருப்பது உங்களுக்குத் தெரியும். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகன், கடைசியில் தொடர்புக்கு ஒரு பெயர், பக்கத்தில் உறவுமுறை. பத்திரிகைக்காரர் முந்தின கிழமை வந்த அறிவித்தல் ஒன்றை எடுத்து, படத்தை மாற்றி, பெயரை மாற்றி, தொடர்புக்குப் புவனாவின் பெயரையும் எங்கள் வீட்டு நம்பரையும் போட்டிருக்கிறார். பக்கத்தில் கிடந்த உறவுமுறையை எடுக்க மறந்துவிட்டார். அரைப் பக்கத்துக்கு ஜனாதிபதி சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே: தொடர்புகளுக்கு, புவனேஸ்வரி, மனைவி.

முதல் போன் மோர்னிங்சைட்டிலிருந்து. புவனாவோடு பேக்கரியில் வேலை செய்த அன்ரி. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, புவனாவின்ரை மனுசன் மோசம் போயிட்டாராமே?"

"அன்ரி, நான்தான் புவனாவின்ரை மனுசன். சபா கதைக்கிறன்."

"அப்ப பேப்பரிலை இருக்கிறது ஆர்?"

"அது ஜனாதிபதி, அன்ரி."

அன்ரி குரலைத் தாழ்த்தி, "அப்ப அது முதல் கலியாணமோ, தம்பி? புவனா ஒரு நாளும் வாய் திறக்கேல்லையே" என்றா.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், புவனா பத்திரிகையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "விடுங்கோப்பா, அடுத்த கிழமை திருத்திப் போடுவினம்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்தைத் திருத்திறது? சரியாத்தானே போட்டிருக்கிறாங்கள்! ஹோலிலை அந்தாள், கூறைச் சீலைக்குள்ளை அந்தாள், செத்த பிறகும் அந்தாள்! அண்டைக்குக் கூப்பிட்டபோதே நிண்டிருக்கலாமே. கல்லூரி அதிபரா இருந்திருப்பீர். ஏன் என்னோடை வந்தனீர்? சொல்லும், ஏன் வந்தனீர்?"

சிரிப்பு நின்றது. பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தாள். "உதையே இவ்வளவு காலமும் வயித்துக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"கேட்டிருக்கலாமே."

"இப்ப கேக்கிறன்."

"எனக்கு அந்த வேலையிலை ஆசை இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். சரியான ஆசை. ஓம் எண்டு சொல்லத்தான் உள்ளுக்குப் போனனான். உங்களோடை சண்டை பிடிச்செண்டாலும் உங்களையும் அங்கை மறிச்சிருப்பன். ஓம் சொல்ல முதல், என்ரை மனுசனுக்கும் கல்லூரியிலை ஒரு இடம் வேணும் எண்டு கேட்டன். கட்டாயம் எண்டார். உடனை பேனையையும் எடுத்தார். எடுத்துப்போட்டு நிமிந்து என்னைப் பாத்துக் கேட்டார், 'உங்கள் கணவர் என்ன படிப்பிக்கிறவர்?' எண்டு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"வருசாவருசம் கேட்டவர். வருசாவருசம் நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிந்து நிண்டு சொன்னனீங்கள். ஒவ்வொரு முறையும் அந்த மந்திரிமார் சிரிக்கேக்கை எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஊரிலை உள்ள மாட்டின்ரை பேரெல்லாம் ஞாபகம் இருக்கு, என்ரை மனுசன் படிப்பிக்கிறது ஞாபகம் இல்லை. எனக்குப் பத்தி எரிஞ்சுது. 'நீங்கள் இன்னும் ஒரு படியைத் தாண்டுறியள், ஐயா' எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களுக்கு நோகும் எண்டு நினைச்சன்" என்றாள். பிறகு எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். "படத்தைக் கழட்டச் சொல்லிக் கேக்காதேங்கோ. அவர் நல்ல வாத்தியார். அது வேறை, இது வேறை."

நண்பர்களே, உங்களில் சிலரிடம் அவரோடு எடுத்த படம் இருக்கும். சிலரிடம் அவர் கையால் வாங்கிய சான்றிதழ் இருக்கும். அதையெல்லாம் மலரில் போடுங்கள், நான் மறிக்கவில்லை. ஒரு நாட்டுக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தவர், தோற்றபோது வெண்கட்டியை வைத்துவிட்டு வந்தவர். அவர்மேல் எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை, போகும் என்று தோன்றவும் இல்லை. அவள் அழுத அழுகை அப்படி. ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய ஞாபகசக்தி அல்ல, மறதி. பெரிய மனிதர் ஒருவர் வருடா வருடம் என்னை மறந்தபடியால்தான் புவனா என்னோடு இருக்கிறாள்.

இன்று காலை புட்டுக்குத் தேங்காய் துருவிவிட்டு ஹோலுக்குப் போனேன். ரிவிக்கு மேலே அவர் வழமைபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, "பூமிசாத்திரம், ஐயா" என்றேன்.